தூணுக்குப் பின்னால் ஒரு மெஷின்

கஸ்தூரியின் முழங்கை நின்றுவிட்டது.

தூணுக்கு இந்தப் பக்கம் தெரிவது அந்த முழங்கை மட்டும்தான். தைக்கும்போது முன்னும் பின்னும் போய்வரும். இப்போது அசையவில்லை.

இந்தப் பக்கமிருந்து அதைக் கவனித்தவள் தன் மெஷினில் காலர் தைத்தபடியே எண்ணத் தொடங்கினாள். நாற்பது வரை போனது.

மைக் எதுவும் சொல்லவில்லை.

அந்தப் பனியன் கம்பெனியில் வரிசைக்கு ஒரு கேமரா. மாடியில் கண்ணாடி அறை. அங்கே சூப்பர்வைசர். யாராவது கொட்டாவி விட்டால் போதும், மைக்கில் மெஷின் நம்பரைக் கூப்பிடுவார்.

"பதினேழு, தூக்கம் வருதா?"

பதினேழு அவள்தான். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும்.

தூணை மட்டும் கேமராவால் தாண்ட முடியவில்லை. அதன் பின்னால் ஒரே ஒரு மெஷின். கஸ்தூரியுடையது.

அவர்கள் தங்கும் கம்பெனி விடுதியிலும் மாடிப்படிக்கு ஒன்று, சாப்பாட்டு அறைக்கு இரண்டு. படுக்கும் அறையில் கேமரா கிடையாது. எட்டுப் பேர் இருந்தார்கள். முகத்தை அதன் போக்கில் விட்டு எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே தெரியாது.

சாப்பாட்டு மணி அடித்ததும் கஸ்தூரி எழுந்து வந்தாள். குளித்துவிட்டு வந்தவள் மாதிரி இருந்தாள்.

பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு வயிறு எரிந்தது.

"ஏம் புள்ள, அந்தத் தூணையே பாத்துட்டிருக்கற? கட்டிக்கப் போறியா?" என்றாள் பக்கத்து மெஷின் பாப்பாத்தி.

அடுத்த வாரம் கஸ்தூரி தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போனாள். மூன்று நாள் லீவு. தூணுக்குப் பின்னால் பதினேழை உட்காரச் சொன்னார்கள்.

என்னென்னவோ நினைத்துவைத்திருந்தாள். ஒரு பாட்டு முணுமுணுக்கலாம். செருப்பைக் கழற்றிக் காலை நீட்டலாம். கண்ணை மூடி மெஷின்மேல் சாயலாம்.

ஒன்றும் வரவில்லை.

முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். கொட்டாவியை வாய்க்குள்ளேயே விழுங்கினாள். இங்கே தெரியாது, இங்கே தெரியாது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். கை இன்னும் வேகமாக ஓடியது.

மூன்று நாளும் அப்படியே.

கஸ்தூரி மருதாணிக் கையோடு திரும்பினாள். உட்கார்ந்த அரைமணி நேரத்தில் முழங்கை நின்றது.

அதைப் பார்த்தவள் அன்றைக்கே சூப்பர்வைசரின் கண்ணாடி அறைக்கு மாடி ஏறினாள்.

"சார், தூணுக்குப் பின்னால கேமரா எட்டறதில்லைங்க."

"அங்க உக்காந்து என்ன பண்றா அவ? போன் பாக்கறாளா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நாக்குவரை வந்தது.

"இல்லைங்க சார். சும்மா இருக்கறா."

அவர் நெற்றியைச் சுருக்கினார். போனைவிட அது பெரிய தப்பாகப் பட்டது போலிருந்தது.

நோட்டைப் புரட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"அவ லீவுல இருந்த மூணு நாளும் நீதான உக்காந்த? ஒரு பீஸ்கூடக் கொறையலியே." சிரித்தார். "நாளையிலிருந்து நீயே அங்க உக்காந்துக்க. அவ உன் எடத்துக்கு வரட்டும். உனக்கெல்லாம் கேமரா எதுக்கு?"

மறுநாள் காலையில் கஸ்தூரி தன் கத்தரியையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டாள். தூண் ஓரத்தில் இருவரும் எதிர்ப்பட்டார்கள்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கஸ்தூரி திட்டட்டும் என்று நின்றாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது.

கஸ்தூரி குரலைத் தாழ்த்தினாள்.

"அங்க சும்மா இருக்கறதுக்கு எனக்கே ரெண்டு மாசம் ஆச்சு புள்ள. மெதுவாத்தான் வரும்."

கடந்து போய்ப் பதினேழில் உட்கார்ந்தாள்.

தூணுக்குப் பின்னால் அவள் துணியை ஊசிக்கடியில் வைத்தாள்.

தையல் கோடு கலங்கலாகத் தெரிந்தது.

கால் பெடலின் மேல்தான் இருந்தது. அழுத்த முடியவில்லை.