தரை இறங்கும் ஊர்

சுண்ணாம்புப் பாறை கரைந்து உள்வாங்கிக்கொண்டிருந்த அந்த ஊரின் தரை உயரத்தைச் செயற்கைக்கோள் தினமும் அளந்தது. பள்ளம் விழப்போகும் தெருக்களை வரைபடத்தில் குறித்து, அங்கிருப்பவர்களைப் போனில் எச்சரிப்பது செவ்வந்தியின் வேலை. எல்லோரும் காலி செய்து நிவாரண முகாமுக்குப் போய்விட்டார்கள். மரியசூசை மட்டும் போகவில்லை.

"அண்ணே, நேத்தைக்கு இன்னிக்கு உங்க வீடு ரெண்டு விரக்கடை எறங்கியிருக்கு. இன்னிக்காவது முகாமுக்குக் கிளம்புங்க."

"போயிட்டா நீ கூப்பிட மாட்டியேம்மா. எனக்கு வர்ற போன் இது ஒண்ணுதான்."

"கூப்பிடுறேண்ணே," என்றாள் செவ்வந்தி.

அன்று மாலையே அவர் கிளம்பினார். மறுநாள் வரைபடத்தில் அவர் வீடு இருந்த இடத்தில் வட்டமாகப் பள்ளம் தெரிந்தது. அவள் முகாமுக்கு அழைத்தாள்.

"சொல்லும்மா, இங்க தரை எவ்வளவு எறங்கியிருக்கு?"

"எறங்கலண்ணே. சும்மாதான் கூப்பிட்டேன்."