வரிசையில் மூன்றாவது

"முதல்ல சைஸ், அப்புறம் வயசு, அப்புறம் கலர். இந்த வரிசை மாறினா கால் சென்டர்காரன் வெளியே அனுப்பிடுவான்" என்றார் சுப்பராயன். ராயபுரம் மொட்டை மாடியில் அவர் நடத்தும் ஆங்கில வகுப்பில் இப்போது நவ்ரீனின் முறை.

"ஏதாவது ஒரு பொருளை வர்ணிச்சுச் சொல்லும்மா."

"காரு சார். போன மாசம் எண்ணூர் ரோட்ல எங்க அத்தாவ அடிச்சுக் கொன்னுட்டு, நிக்காமப் போன காரு."

தகப்பனின் சாவைச் சொன்னவள் பக்கம் வகுப்பே திரும்பியது. சுப்பராயன் பலகையை அழிக்கத் தொடங்கினார்.

"அது வேணாம்மா. வேற சொல்லு."

"அதான் சார் வருது. எ பிக்..."

"சரி, வயசு?"

"ஓல்டு."

அவள் அதோடு நிறுத்திக்கொண்டாள். அவர் கையில் சாக்பீஸ் ஒடிந்தது.

"கலர் தெரியலைன்னா விட்டுடும்மா."

"தெரியும் சார். தண்டையார்பேட்டைல எங்க அண்ணன் பெயிண்ட் பட்டறை வச்சினுகீது. அந்தக் காரு அங்கதான் வந்துச்சு. பம்பரைக் கழட்டினா, உள்ள எங்க அத்தா சட்டைத் துணி சிக்கினு இருந்துச்சு."

நவ்ரீன் கைப்பிடிச் சுவர் வழியாகக் கீழே தெருவைப் பார்த்தாள்.

"எந்தக் கலர சொல்றது சார்? பழைய வெள்ளையா, நீங்க அடிக்கச் சொன்ன கறுப்பா?"