கத்திக்கொண்டே இருந்த சோதனை

ஒரு மடிக்கணினிக்குள் இரண்டு பேர் குடியிருந்தார்கள். ஒன்று, கேட்டதும் நிரல் எழுதித் தரும் ஏஐ உதவியாளர். இன்னொன்று, அந்த நிரலைச் சரிபார்க்கும் சோதனை. நிரலில் தப்பு இருந்தால் சிவப்பு விளக்கைப் போட்டுக் கத்துவதுதான் அதன் வேலை.

அந்த மடிக்கணினியில், பள்ளிப் பேருந்து எப்போது வரும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் நிரலை இன்பவல்லி எழுதிக்கொண்டிருந்தாள். சோதனை விடாமல் கத்தியது.

"இந்தச் சிவப்பு எனக்கு வேண்டாம்ப்பா," என்று உதவியாளரிடம் சொன்னாள்.

"அவ்வளவுதானே!" உதவியாளர் ஒரு திருத்தத்தை நீட்டியது. டேப் விசையைத் தட்டி அதை ஏற்றுக்கொண்டால் சோதனையே அழிந்துபோகும்.

சோதனை பதறியது. "அடப்பாவி! என்னையே தீர்த்துக்கட்டப் பாக்குறியே!"

"சிவப்பு வேண்டாம்னாங்க. விளக்கைப் போட்டது நீதானே?"

டேப்பைத் தொட்ட விரலை இன்பவல்லி எடுத்துவிட்டாள். திருத்தத்தை மறுபடி படித்தாள், சிரிப்பு வந்துவிட்டது. "அதை விடு. எதுக்குக் கத்துதுன்னு போய்ப் பாரு."

உதவியாளர் போய்ப் பார்த்தது. பேருந்து வழியில் பழுதாகி நின்றாலும், 'இதோ வந்துவிட்டது' என்றே நிரல் சொல்லிக்கொண்டிருந்தது. உதவியாளர் உடனே அதைச் சரிசெய்தது. பச்சை எரிந்தது.

"பிள்ளைங்க வெயில்ல நின்னிருப்பாங்களே," என்றது உதவியாளர், மெல்ல.

"தொண்டையே வறண்டுபோச்சு," என்றது சோதனை. "சரி, அடுத்ததை எழுது. நான் இங்கதான் இருக்கேன்."