பொத்தானை மிதிக்கவும்

"பேசணும்!"

"பேச மாட்டேன்!"

"ரெண்டே நிமிஷம்டீ பிரிட்டா. 'என் பேரைச் சொன்னா வானமே'..."

"அம்மா, நான் சொல்றதைக் கேளேன், இன்னிக்கு நான் வந்து..."

"'...வானமே வழி விடும்!' எவ்வளவு அழகா எழுதிக் குடுத்திருக்கேன். அதைச் சொல்றதுல என்ன கஷ்டம் உனக்கு?"

"ஒரு வார்த்தைகூடப் பேசப் போறதில்லை. டீச்சருக்கே தெரியும், போ!"

கார்க் கதவை அறைந்து சாத்திவிட்டு, உருகிய பனிச் சேற்றில் பூட்ஸ் சளக் சளக்கென்று ஒலிக்க, பிரிட்டா பள்ளிக்கூடத்துக்குள் ஓடிவிட்டாள். டார்லா ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். டீச்சருக்கே தெரியுமாம்! அப்படியானால் டீச்சரும் கைகழுவிவிட்டாள் என்றுதானே அர்த்தம்?

போன டிசம்பர் கச்சேரி அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. மேடை ஏறிய பிரிட்டா வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்து, பிறகு மெல்ல நகர்ந்து காகிதத்தில் செய்த பைன் மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். பள்ளிச் செய்தி மடலில் வந்த படத்தில், மரத்துக்கு அடியில் அவளுடைய இரண்டு ஷூ மட்டும்தான் தெரிந்தன. மளிகைக் கடையில் பார்க்கிறவர்கள்கூட, "ஷூ நல்லா இருந்தது, எங்கே வாங்கினீங்க?" என்று கேட்டார்கள்.

இன்றைக்கும் அப்படி ஆகிவிட்டால், இந்தச் சின்ன ஊரில் 'பேச வராத பெண்' என்ற பெயர் அவள் மேல் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதற்காகத்தான் பழைய தோல் ஜாக்கெட்டை வெட்டி விமானித் தொப்பி தைத்தாள் டார்லா. தினமும் படுக்கப் போகுமுன் வசனத்தை ஒப்பிக்கவும் வைத்தாள்.

பள்ளியின் உடற்பயிற்சிக் கூடம் நிரம்பி வழிந்தது. மார்ச் மாதம் வந்தால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சாதனைப் பெண்களாக வேடமிட்டு, மெழுகுச் சிலை மாதிரி அசையாமல் நிற்பார்கள். காலடியில் ஒட்டியிருக்கும் சிவப்புக் காகிதப் பொத்தானை மிதித்தால், சிலைக்கு உயிர் வந்து தன் கதையைச் சொல்லும். பெயர்ப் பலகை கிடையாது. பேச்சைக் கேட்டுத்தான் யாரென்று கண்டுபிடிக்க வேண்டும்.

கடைசி வரிசையில் நின்றிருந்தாள் பிரிட்டா. தொப்பியும் இல்லை, விமானிக் கண்ணாடியும் இல்லை. தலையில் ஏதோ சாம்பல் நிற ஸ்கார்ஃப், கையில் ஒரு ரொட்டிக் கூடை.

'தொப்பியைத் தொலைச்சுட்டா! போதாததுக்கு வாசல்ல கேக் விற்கிற மேசைக் கூடையை வேற இவ தலையில கட்டிட்டுப் போயிருக்காங்க!' டார்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவளைச் சுற்றி ஒரே பிள்ளைக் கூட்டம். ஒருவர் மாற்றி ஒருவர் பொத்தானை மிதித்தார்கள்.

"சொல்லு, யார் நீ?"

"இப்ப சொல்றியா இல்லியா?"

"நகருடா, நான் பேச வைக்கிறேன் பாரு!"

பிரிட்டா கண்ணைக்கூட இமைக்கவில்லை. அந்தப் பக்கம் மிஸ் நைபெர்க் கையைக் கட்டிக்கொண்டு, ஏதோ வேடிக்கை பார்க்கிற மாதிரி சிரித்துக்கொண்டிருந்தாள். நல்ல டீச்சர்!

பக்கத்துச் சிலை, அதே வகுப்பில் இன்னொரு அம்மாவான கெண்ட்ராவின் மகள் பெய்ஜ். கறுப்பு அங்கி போட்ட நீதிபதி. யாராவது பொத்தான் பக்கம் காலைத் தூக்கினாலே போதும், மடை திறந்த மாதிரி கொட்டினாள்.

ஊர் வாரப் பத்திரிகைக்காரர் கேமராவோடு வந்தார். பிரிட்டாவின் பொத்தானை மிதித்தார். காத்திருந்தார். மறுபடியும் மிதித்தார்.

"இது வேலை செய்யலை போலிருக்கே?" என்றார்.

கெண்ட்ரா அவர் தோளைத் தொட்டாள். "விடுங்க சார், குழந்தையைப் படுத்தாதீங்க. எல்லாக் குழந்தைக்கும் பேச வந்துடுமா? பெய்ஜ் கண்ணு, அங்கிளுக்கு இன்னொரு தடவை சொல்லிக் காட்டு." பிறகு டார்லாவிடம் திரும்பி, குரலைத் தாழ்த்தினாள். "வருத்தப்படாதீங்க. இந்தத் தடவை மரத்துக்குப் பின்னாலயாவது போகலியே!"

அவ்வளவுதான்.

"பேச வராதுன்னு யார் சொன்னது?" டார்லா பாய்ந்து முன்னால் வந்தாள். "சார், எழுதிக்கோங்க! இவ என் பொண்ணு பிரிட்டா. எட்டு வயசு. கடலைத் தாண்டித் தனியாப் பறந்த விமானி வேஷம். தொப்பி நான் தைச்சது, எங்கேயோ தொலைச்சுட்டா. கூட்டத்தைக் கண்டா இவளுக்குக் கை நடுங்கும், ஆமா! டிசம்பர்ல மரத்துக்குப் பின்னால நின்ன ஷூவும் இவளோடதுதான்! ராத்திரி லைட்டை அணைச்சா இன்னும் அழுவா! ஆனா வீட்டுல வந்து பாருங்க, வசனம் அத்தனையும் தலைகீழாச் சொல்லுவா! 'என் பேரைச் சொன்னா வானமே'..."

மூச்சு வாங்க நிறுத்தினாள். கூடமே திரும்பிப் பார்த்தது. பெய்ஜ்கூட வாயை மூடிக்கொண்டாள். மிஸ் நைபெர்க் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

சிலை மெல்லத் தலையைத் திருப்பியது. ரொட்டிக் கூடையைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டது.

"அம்மா, சண்டை நடந்தப்போ எதிரி ஜெயில்ல போட்டு வருஷக்கணக்கா மிரட்டியும் ஒரு வார்த்தை சொல்லாத உளவாளி நான்... உன்னை யாரும் மிரட்டக்கூட இல்லியே!"