மாட்டு வண்டி முந்திய மோட்டார்

"ஏப்பா நாச்சிமுத்து, இது மோட்டாரா இல்லை செக்கா? ஒரே எடத்துல சுத்திக்கிட்டு நிக்குது!"

முத்தாயம்மாள் போட்ட சத்தத்தில் பஸ்ஸே சிரித்தது.

சங்ககிரியிலிருந்து திருச்செங்கோட்டுத் தேருக்குப் போகிற பஸ். உள்ளே இடமில்லாமல் கூரை மேலும் ஆட்கள். வடம் பிடிப்பதற்குள் போய்ச் சேர வேண்டுமே என்று எல்லோருக்கும் ஒரே பரபரப்பு. டிரைவர் நாச்சிமுத்துவோ ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டியை நிறுத்தி, நிறைகுடத்தைச் சுமக்கிறவன் மாதிரி அலுங்காமல் இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தான்.

முத்தாயம்மாளின் பக்கத்தில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்த மருமகள் கமலவேணிக்கு மட்டும் இந்த நிதானம் பிடித்திருந்தது. அவளுக்கு இது இரண்டாம் மாதம். அவளையும் புருஷன் குமாரசாமியையும் தவிர ஈ காக்கைக்குத் தெரியாது.

போன வருஷம் நாள் தள்ளிப்போன உடனே தறிக்காரத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்கள். மூன்றாம் மாதம் கலைந்துபோனது. வந்து வந்து விசாரித்தவர்களுக்குப் பதில் சொல்லியே கமலவேணி பாதி ஆளாகிவிட்டாள்.

"இந்தத் தடவை மூணு மாசம் தாண்டட்டும். அதுவரைக்கும் எங்கம்மாகிட்டக்கூட மூச்சு உடாதே" என்று குமாரசாமி கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். வடம் பிடிக்கிற ஆசையில் அவன் முந்தின நாளே திருச்செங்கோடு போய்விட்டான்.

மாமியாருக்குத் தெரிந்தால் தேருக்கே விடமாட்டாள் என்ற பயமும் கமலவேணிக்கு இருந்தது. தேர் என்றால் அவளுக்கு உயிர்.

மாமியாரின் வாய்க்குத் தெருவே நடுங்கும். போன வாரம்கூட, "நீ எறைச்சாக் கயிறு தேயுது, கெணத்துப் பக்கமே வராதே" என்று மருமகளைத் துரத்திவிட்டாள்.

திடீரென்று கூரை மேல் ஒரே கூச்சல். சலங்கை குலுங்க ஒரு மாட்டு வண்டி பஸ்ஸை முந்திக்கொண்டு போனது! வண்டியில் இருந்தவர்கள் துண்டை வீசிச் சிரித்தார்கள்.

முன் சீட்டில் இருந்த சின்னுசாமி துள்ளி எழுந்தார். "மானம் போகுதப்பா! எறங்கித் தள்ளட்டுமா?"

"ரோடு மோசமுங்க" என்றான் நாச்சிமுத்து.

"ரோடு நல்லாத்தான் இருக்குது, ஓட்டறவந்தான் மோசம்!" என்று சீறினாள் முத்தாயம்மாள். "தேரு நெலைக்கு வந்த பொறவு வெறும் வடத்தையா கும்புட்டுட்டு வாரது?"

கமலவேணிக்கு வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. முந்தானையில் முடிந்திருந்த பொரியில் நாலைந்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு பல்லைக் கடித்தாள். நல்லவேளை, பஸ் நின்றது.

"எஞ்சின் சூடாயிருச்சுங்க. சித்த ஆறட்டும்."

புளியமர நிழல். காற்று முகத்தில் பட்டதும்தான் கமலவேணிக்கு உயிர் வந்தது. அவள் வெளிறிக் கிடந்ததைப் பார்த்து, எதிர் சீட்டுப் பாப்பாயி இறங்கிப்போய்க் குட்டையில் ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு வந்தாள்.

"குடி கண்ணு."

முத்தாயம்மாள் சொம்பைத் தட்டிவிடாத குறை. "குட்டைத் தண்ணியெல்லாம் எங்க ஊட்டுப் புள்ள குடிக்காது. காச்சி ஆறவெச்சுக் கொண்டாந்திருக்கறேன். அதைக் குடிப்பா."

பாப்பாயியின் முகம் சுண்டிப்போனது. "நல்லதுக்குக் காலமில்லை. இவ ஊட்டுக்கு வாக்கப்பட்டு வந்த புள்ளதான் பாவம்" என்று முணுமுணுத்தாள்.

கமலவேணிக்கு அவமானமாக இருந்தது. ஆனால் தாகம். மாமியார் நீட்டிய தண்ணீரை மடமடவென்று குடித்தாள்.

பஸ் கிளம்பியது. கொஞ்ச தூரத்தில் மறுபடி நின்றது. மறுபடி "எஞ்சின் சூடுங்க". நாச்சிமுத்துவின் பாட்டன் முப்பாட்டன் வரைக்கும் போய்த் திட்டித் தீர்த்தாள் முத்தாயம்மாள். இந்தப் பக்கம் சின்னுசாமிக்குக்கூட டிரைவர் மேல் இரக்கம் வந்துவிட்டது.

கமலவேணிக்கும் பொறுக்கவில்லை. "அத்தை, பாவமுங்க அவரு. விடுங்களேன்."

"நீ வாயை மூடிக்கிட்டுப் பொரியைத் தின்னு!"

ஒருவழியாகத் திருச்செங்கோடு வந்தது. கொம்பும் பறையும் காதைப் பிளந்தன. வீட்டுக் கூரைகளுக்கு மேலே தேரின் உச்சி தெரிந்தது.

"நிக்குது! தேரு இன்னும் நிக்குது!"

கூரையிலிருந்து ஆட்கள் குதித்தார்கள். சின்னுசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பறந்தார். பாப்பாயி அவருக்கும் முன்னால் ஓடினாள். கண் மூடித் திறப்பதற்குள் பஸ் காலி.

கமலவேணியும் துள்ளி இறங்கினாள். முத்தாயம்மாள் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்கு இந்த ஓட்டம்? தேரு எங்கயும் ஓடிப்போகாது. கூட்டத்துல போயி நசுங்க வேண்டாம், ஓரமா நின்னு கும்புட்டாப் போதும். மெல்ல நட, அம்மிணி."

வழியெல்லாம் அவசரம் அவசரம் என்று குதித்த மாமியாரா இது? கமலவேணிக்கு ஒன்றும் புரியவில்லை.

அப்போது நாச்சிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து முத்தாயம்மாளுக்கு ஒரு கும்பிடு போட்டான்.

"ஆத்தா, மருமவ மாசமா இருக்கறா, குலுக்காம ஓட்டு, எடையில எடையில நிறுத்துன்னு நேத்தே வந்து சொன்னீங்க, சரின்னேன். விசயம் வெளிய தெரியக்கூடாது, அதனால நானே வைவேன், பொறுத்துக்கன்னீங்க, அதுக்கும் சரின்னேன். திரும்பி வாரப்பவும் அப்படியே பூவாட்டம் கொண்டுபோயிச் சேத்தறனுங்க. வையறதை மட்டும் கொஞ்சம் கொறைச்சுக்குங்க, சாமி!"