மூன்றாம் மாடிக்கு வரும் பாம்பு

“மழை பெஞ்சா இந்த மரத்துல ஏறிப் பாம்பு வரும்,” என்றார் தலைமைக் குமாஸ்தா, பால்கனிக் கதவைப் பாதி மட்டும் திறந்து. “உங்களைப் பார்த்தா நல்ல மனுஷரா தெரியுது. அதான் உள்ளதைச் சொல்றேன்.”

வீடு பார்க்க வந்திருந்த பெரியவர் எட்டிப் பார்த்தார். தெருவின் இரண்டு பக்கமும் மரங்கள் தோளோடு தோள் உரசி நின்றன. ஒரு ஹாரன் சத்தம் கூட இல்லை.

“மூணாவது மாடிக்கா சார்?”

“ஏன், அதுக்கு லிஃப்ட் வேணுமா?”

பெரியவர் பழைய இரும்புக்கடை வைத்திருப்பவராம். செருப்பில் துரு, நகக்கண்ணில் கிரீஸ். தகரத்தை எடை போட்டு வாங்குகிற ஆசாமிக்கு மூன்று அறை வீடு ஒரு கேடா என்று குமாஸ்தா மனசுக்குள் காறித் துப்பினார். வெளியே பல்லைக் காட்டினார்.

அந்த வீட்டில் பதினோரு வருஷமாக வாடகைக்கு இருப்பவர் குமாஸ்தாதான். வீட்டுக்குச் சொந்தக்காரரான ரிட்டயர்டு நர்ஸம்மா, ஊரின் மறுகோடியில் மகனோடு இருந்தார். முழங்கால் வலியில் மாடி ஏற முடியவில்லை. அதனால், விற்கப்போகும் வீட்டை வருகிறவர்களுக்குக் காட்டும் பொறுப்பைக் குமாஸ்தாவிடமே ஒப்படைத்திருந்தார். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை.

நர்ஸம்மா கேட்டதே அந்தப் பக்கத்து விலையில் முக்கால்தான். “நம்ம சேமிப்புக்குக் கட்டுப்படியாகுதே, பேசாம கேட்ட விலைக்கு வாங்கிடலாம்ங்க,” என்று குமாஸ்தாவின் மனைவி மூன்று மாதமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். வேறு யாராவது வாங்கிவிட்டால், இந்தக் காசுக்கு இப்படி ஒரு தெருவில் மாட்டுக்கொட்டகை கூடக் கிடைக்காது என்பது அவள் பயம்.

குமாஸ்தாவுக்குச் சிரிப்பு வந்தது. கேட்ட விலைக்கு வாங்க எந்த மடையனாலும் முடியும். நாலு பேரை விரட்டினால் நர்ஸம்மா இறங்கி வருவார். எட்டுப் பேரை விரட்டினால் பாதி விலைக்குக் காலில் விழுவார். இதுவரை ஆறு பேர் ஓடியிருந்தார்கள். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் பாம்பு என்றதும் தன் செருப்பை விட்டுவிட்டு குமாஸ்தாவுடையதை மாட்டிக்கொண்டு போனார். அதைச் சொல்லிச் சொல்லி ஆபீசில் ஒரு வாரம் சிரித்தாயிற்று.

“ஊர்ல முட்டாளுங்க இருக்கிறவரைக்கும் நமக்கு என்னடி கவலை?” என்பது மனைவிக்கு அவர் சொன்ன ஆறுதல்.

இரும்புக்கடைக்காரருக்கும் வழக்கமான பட்டியல் வரிசையாக வந்தது. சுவரில் ஓதம், குழாயில் துரு. மேல் வீட்டில் ஒரு சண்டைக்கோழி. உண்மையில் அங்கே இருந்தது, எறும்பைக் கண்டால் ஒதுங்கி நடக்கும் லைப்ரரியன்.

“அமைதியா இருக்குன்னு மயங்கிடாதீங்க. அதுதான் ஆபத்து. திருடன் வந்து கத்தினாலும் கேக்க நாதி கிடையாது.”

பெரியவர் குழாயை விரல் மூட்டால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். படுக்கையறையில், சுவரோடு பதித்த அலமாரியில் கையை வைத்தார். மர வாசனை இன்னும் போகவில்லை.

“புதுசா சார்?”

மலிவாக முடித்த எதையும் வெளியே சொல்லாவிட்டால் குமாஸ்தாவுக்குச் சோறு இறங்காது. “போன மாசம்தான் அடிச்சேன். கார்பென்டர் கேட்டதுல பாதிதான் குடுத்தேன்.”

சமையலறையிலிருந்து மனைவி இருமினாள்.

“பலகை உளுத்துப்போகும் சார்,” என்றார் பெரியவர். வாசலில் செருப்பை மாட்டும்போது பெருமூச்சு விட்டார். “நீங்க சொல்றது வாஸ்தவம். இது உருப்படாத வீடு.”

ஏழாவது ஆளும் ஒழிந்தார் என்று குமாஸ்தா கதவைச் சாத்தினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடும் வருத்தமான முகத்தோடும் நர்ஸம்மா வீட்டுக்குப் போனார். ‘யாரும் சீந்தலைம்மா, உங்க முகத்துக்காக நானே எடுத்துக்கிறேன்’ என்று சொல்வதாகத் திட்டம். பஸ்ஸிலேயே நாலு முறை சொல்லிப் பார்த்திருந்தார்.

உள்ளே சோபாவில் இரும்புக்கடைக்காரர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“வாங்க தம்பி, நீங்களே வந்துட்டீங்க,” என்றார் நர்ஸம்மா. “வீட்டை இவருக்கு முடிச்சாச்சு. நீங்க காட்டின குறையையெல்லாம் ஒண்ணு விடாம சொன்னார். பாம்புன்னார், ஓதம்னார், திருடன்னார். எனக்கே பயமாயிடுச்சு. கேட்டதுல இன்னும் கொஞ்சம் குறைச்சே குடுத்துட்டேன். மூணு மாசத்துல நீங்க காலி பண்ணிக் குடுத்தாப் போதும்.”

பிஸ்கட் பாக்கெட் கையிலேயே நொறுங்கியது. பதினோரு வருஷத்து நிழல் போனது. அலமாரியும் சுவரோடு போனது. மனைவிக்கு என்ன பதில் சொல்வது என்பது அப்புறம்.

“பெரியவரே, உருப்படாத வீடுன்னு நீங்கதானே சொன்னீங்க?” குமாஸ்தாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

பெரியவர் டீயை முடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

“வாங்கப்போறவன் எவன் தம்பி நல்லாருக்குன்னு சொல்லுவான்?”