ஏழாவது இடம்

“இந்தக் கையெழுத்து எவளோடது?”

கலங்கரை விளக்கத்தின் டிக்கெட் ஜன்னலில் தலையை விட்டிருந்த பட்டன் கடைக்காரருக்கு அந்தக் கேள்வி காதில் விழவில்லை. “பாதி உயரம் வரைக்கும்தான்யா ஏறப் போறோம். பாதி டிக்கெட் போட்டா என்ன கெட்டுப் போச்சு?” என்று உள்ளே இருந்தவனின் பொறுமையை அளந்துகொண்டிருந்தார்.

கேட்டவள் கையிலிருந்த பட்டியலை வெயிலில் தூக்கிப் பிடித்தாள். ‘கப்பல் ஏறும் முன் பார்க்க வேண்டியவை’ என்று தலைப்பு, கீழே ஏழு வரிகள். குண்டு குண்டான, அவசரமில்லாத எழுத்து. ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு எண்ணெய்க் கறை.

இருபது வருஷம் தையற்கடை நடத்தியவள் அவள். எண்ணெய்க் கறை எந்த மடிப்பில் ஒளிந்திருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. இது ஆபீஸ் மேசையில் பட்ட கறை இல்லை. அடுப்பில் கரண்டியை வைத்துவிட்டு வந்து பேனாவை எடுத்த கை.

“டிராவல் ஏஜென்ட் எழுதிக் கொடுத்தான்மா,” என்றார் அவர், அவள் கறையைக் காட்டி மறுபடி கேட்டதும், இரண்டு முழு டிக்கெட் வாங்க நேர்ந்த சோகத்தோடு. “எதையாவது பொரிச்சதைத் தின்னுக்கிட்டே எழுதியிருப்பான். கறைக்கெல்லாம் நான் ஜாமீன் நிக்க முடியுமா?”

கல்யாணமாகிப் பத்தொன்பது நாள்தான் ஆகியிருந்தது. பதிவு அலுவலகம், இரண்டு சாட்சி, அவ்வளவுதான். முதல் மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் என்று அவர் சொன்னதை நம்பி, நாற்பத்திரண்டு வயதில் தையற்கடையைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். அவர் வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறார்களாம். கப்பல் பயணம் முடிந்ததும் நேரே அங்கேதான் என்று ஏற்பாடு.

பத்தொன்பதாவது நாளே இன்னொருத்தியின் வாடை அடித்தால்? திரும்பிப் போக ஒரு தையல் மெஷின்கூட இல்லை.

கலங்கரை விளக்கத்திலிருந்து இறங்கியதும் அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்து முதல் வரியில் டிக் போட்டார். கடையில் மூட்டை பிரித்துச் சரக்கு சரிபார்க்கும் அதே டிக்.

மீன் ஏலக்கூடம், கப்பல் அருங்காட்சியகம், மணிக்கூண்டுத் தெரு. பட்டியல் பொய் சொல்லவில்லை. ‘இடது வாசலில் போகவும், வலது பக்கம் கூட்டம்’ என்றால் வலது பக்கம் கூட்டம் இருந்தது. எழுதியவள் இந்த ஊரை உள்ளங்கையில் வைத்திருந்தவள்.

‘ஐந்து: படகுத்துறைச் சாப்பாட்டுக்கடை. மாடியில் காற்று வரும். மாத்திரை மறக்க வேண்டாம்.’

அவர் சட்டைப் பையைத் தட்டினார், பேன்ட் பையைத் தட்டினார். “அடடா, விட்டுட்டு வந்துட்டேனே!”

“உங்க மாத்திரை விஷயம் ஏஜென்ட்டுக்கு எப்படித் தெரியும்?”

“கப்பல் டிக்கெட் ஃபாரத்துல வியாதி விவரம் கேட்டான். எழுதிக் கொடுத்தேன்.”

“கரண்டி பிடிக்கிற ஏஜென்ட், உடம்பைக் கவனிக்கிற ஏஜென்ட். பேசாம அவனையே கட்டியிருக்கலாம் நீங்க!”

அவர் சிரித்தார். அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

“உண்மையைச் சொல்லுங்க. இதுக்கு முன்னாடி யாரோட இங்க வந்தீங்க?”

“உன் தலையில அடிச்சுச் சொல்றேன், இந்த ஊர்ல கால் வைக்கிறது இதான் முதல் தடவை.”

“அடிக்கிறதுன்னா உங்க தலையில அடிங்க.”

ஆனால் அது மட்டும் உண்மை என்றே பட்டது. காலையிலிருந்து தெருமுனைக்குத் தெருமுனை வழி கேட்டுத்தான் நடந்தார் மனிதர்.

சங்குக் கடையில் ஆறாவது டிக் விழுந்தபோது மணி மூன்று. துறைமுகத்திலிருந்து கப்பல் ஒருமுறை ஊதியது. அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். கப்பல் கிளம்பியதும் இந்தக் காகிதத்தைக் கிழித்துக் கடலில் போட வேண்டும். சந்தேகத்தையும் கூடவே.

“ஏழாவது வேண்டாங்க. ஏதோ கல் பெஞ்சாம். நேரா கப்பலுக்கே போயிடலாம்.”

“அதெப்படி? ஏழு உருப்படின்னா ஏழும் இறங்கணும். ஒண்ணு குறைஞ்ச சரக்குக்கு நான் கையெழுத்துப் போட்டதா சரித்திரமே கிடையாது.”

‘ஏழு: பழைய சுங்க அலுவலகத்துக்கு எதிரே கல் பெஞ்ச். மூன்றரை மணிக்கு நிழல் விழும். உட்கார்ந்தால் கப்பல் முழுசாகத் தெரியும்.’

நிழல் விழுந்திருந்தது. கப்பலும் முழுசாகத் தெரிந்தது. பெஞ்சில் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி ஒருத்தி, பஸ்ஸில் வந்த கசங்கலோடு, மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் நடந்த பட்டன் கடைக்காரரைக் கண்டதும் முகம் மலர எழுந்தாள்.

அவர் கையிலிருந்த பென்சில் கீழே விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை.

“என்னங்க, மாத்திரை டப்பாவை ஃபிரிட்ஜ் மேலயே வச்சுட்டு வந்துட்டீங்களே! பத்து நாள் கடல்ல என்ன பண்ணுவீங்க? எப்படியும் ஒரு வரி விடாம இங்க வந்து நிப்பீங்கன்னு தெரியும். அதான் காலையிலயே பஸ்ஸைப் பிடிச்சேன்.”

டப்பாவை அவர் கையில் திணித்தாள். அதன் மூடியிலும் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு எண்ணெய்க் கறை.

பிறகு, இரண்டடி பின்னால் பட்டியலோடு நின்றவளைப் பார்த்து, “கொஞ்சம் தள்ளிக்கம்மா,” என்று சொல்லிவிட்டு, அவளைத் தாண்டித் தெருவை எட்டிப் பார்த்தாள்.

“நான் படிச்ச ஊராச்சேன்னு என்கிட்ட பட்டியல் எழுதி வாங்கினீங்களே, எங்கங்க, ஊரைச் சுத்திக் காட்டிக் கப்பல்ல கூட்டிக்கிட்டுப் போறதாச் சொன்ன அந்த வெளிநாட்டு வியாபாரி?”